கல்லறைச் சுவருக்கு வெளியே

அக்டோபர் 30, 1943. சனி.

மழை. இதை யார் எடுத்தாலும் அப்பாவிடம் காட்டாதீர்கள், மாதா மேல் ஆணை. அம்மாவிடமும் வேண்டாம். படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி.

பயம் என் அக்கா ரோசலினைப் பற்றி. இனி ரோ. பதினாறு வயது. ஜூனில் அப்பா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். அதிலிருந்து தூக்கமில்லை, பேச்சில்லை. எந்தப் புழுக்கத்திலும் முழுக்கை ரவிக்கை. தண்ணீர் இறைக்கும்போதும் மடிப்பதில்லை. அப்பா கொழும்புத் தோணியிலிருந்து இறங்கினால் கள்ளுக்கடை, பிறகு வீடு, பிறகு ரோ.வுக்கு அடி.

இன்று தன் நீல ரிப்பனையும், கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கியபோது கிடைத்த செபமாலையையும் எனக்குத் தந்தாள். "எனக்கு இனி எதுக்கு, நீயே வச்சுக்கோ." ரிப்பன் அழகு. கட்டிப் பார்த்தேன்.

நவம்பர் 1, திங்கள்.

ரேஷன் அரிசி, பாதி கல். சோறு குழைந்துவிட்டது. ரோ. அடுப்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா: "செசிலி கணக்கா முழிக்காத. அதே கண்ணு, அதே பிடிவாதம்."

செசிலி அப்பாவின் தங்கை. நான் பிறக்கும் முன், பதினேழு வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவள். அதனால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். ரோ.வைத் திட்ட மட்டும்தான் வீட்டில் அந்தப் பெயர் வரும். குழாயடியிலும் ஒருத்தி சொன்னாளாம், மூக்கும் முழியும் அத்தையேதான் என்று.

படுத்தபின் ரோ.: "ஏளா, எல்லாரும் நான் அவளாட்டம்னே சொல்லுதாவ. அப்போ முடிவும் அப்படித்தானே இருக்கும்?" சிரித்தாள்.

நவம்பர் 2, செவ்வாய்.

ஆத்துமாக்கள் திருநாள். தாத்தா கல்லறையில் மெழுகுதிரி. கடல்காற்று, அணைந்து அணைந்து போயிற்று. திரும்பினால் ரோ. இல்லை. சுவருக்கு வெளியே, உடைமுள்ளுக்கு நடுவே. அத்தையின் மேட்டில் ஒரு திரி. பக்கத்து மண்ணையும் முள் பொறுக்கிப் பெருக்கி வைத்திருந்தாள்.

பெருக்கிய இடம் யாருக்கு என்று கேட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று செபமாலையைத் தொட்டுச் சத்தியம் வாங்கினாள்.

நவம்பர் 3, புதன்.

சத்தியத்தை மீறினேன். பாவமென்றால் பாவம்.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பெருக்கிய மண், ராத்திரி பேச்சு, ரிப்பன், எல்லாம் சொன்னேன். ரிப்பன் என்றதும் அவள் கை நின்றது.

"செசிலியும் எனக்கு வளையல் தந்தா, சீப்பு தந்தா. கல்யாணமாகி வந்த புதுசு. மதினி மேல பாசம்னு வாங்கிப் போட்டுக்கிட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல."

மீன் கையோடு போய் ரோ. பக்கத்தில் உட்கார்ந்தாள். முழுக்கையை மெல்ல மடித்துப் பார்த்தாள். திட்டவில்லை. "சாகணும்னு தோணுதா, மக்கா?" ரோ. ஆமென்று தலையசைத்தாள். பிறகு அழுகை. ஜூனுக்குப் பிறகு முதல்முறை.

காலையில் மடத்துச் சிஸ்டரிடம் கூட்டிப்போகிறாளாம். அப்பாவின் தோணி கரை சேர்ந்துவிட்டது. "இன்னைக்கு அவ மேல கை வைக்கட்டும், பாப்போம்" என்றாள். அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ரோ. நடுவில் படுத்திருக்கிறாள். தூங்குகிறாள். அம்மா அவள் கையை விடவில்லை.

கதவு தட்டும் சத்தம். அப்பா. அம்மா எழுந்துவிட்டாள். ரோ.வின் கையைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிடுகிறாள்.