தெரேசாவின் முழங்கால்

செப்டம்பர், ஞாயிறு இரவு

இந்தக் கோடை முழுக்க மகள் ஷெரின் என் பக்கத்தில் வந்து அமர்ந்தது டிவியில் பெண்கள் கூடைப்பந்து பார்க்க மட்டும்தான். மற்ற நேரம் அவள் அறைக்கதவு சாத்தியிருக்கும். எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் ஒரு சொல் வரும்.

டிவியில் நாங்கள் விடாமல் பார்க்கும் எங்கள் அணியின் தலைவி தெரேசாவுக்குப் போன ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. தமிழ்ப் பூசையில் அவளுக்காக மன்றாடும்படி பூசை வைக்கும் சுவாமியிடம் கேட்டிருந்தேன். அவள் யாரென்று சொல்லவில்லை. இன்று அவர் பெயர் சொல்லி மன்றாடினார். பூசை முடிந்ததும் மேரி அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர் பிள்ளை, தெரேசா? எந்த ஆஸ்பத்திரி? சூப்பு காய்ச்சிக்கொண்டு வாறன்."

ஷெரின்தான் தமிழில் சொன்னாள். "எங்கட ஆள்தான் அன்ரி. அமெரிக்காவில இருக்கிறா."

"அப்ப நீங்களாவது குடியுங்கோ."

மாலையில் வில்லரேயில் இருக்கும் மேரி அக்கா வீட்டிலிருந்து ஆட்டெலும்புச் சூப்பு வந்துவிட்டது. குடித்துக்கொண்டே ஆட்டம் பார்த்தோம். தெரேசா இல்லாமல் தோற்றோம். இந்த வருடம் எங்கள் அணிக்கு இனி ஆட்டம் இல்லை. ஷெரினை இனி எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தபடி டிவியை அணைத்தேன்.

அவள் எழும்பவில்லை. "சூப்பு இன்னும் இருக்கோ அம்மா?" என்றாள்.