கவிதைக்கு முன்னே மணி

மகாராணிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? யாருமே நம்பாத கதை ஒன்றைச் சத்தியமாகச் சொல்கிறேன். உன்மேல் எழுதிய நாற்பதாயிரம் வரிக் காவியத்தோடு இங்குள்ள கவிதை வட்டத்தில் மேடையேறினேன். பத்தாயிரம் பேர் திரண்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடமாம். தலைவர் முதல் நாற்காலி போட்டவர் வரை எல்லாரையும் ‘அவர்களே’ போட்டு முறைப்படி விளித்தேன். உடனே வட்டத்தை நடத்தும் தையற்காரர் மணியடித்தார்.

“நேரம் முடிஞ்சுது, இறங்குங்கண்ணே.”

“இன்னும் கவிதையே ஆரம்பிக்கலையேப்பா.”

“அடுத்த தடவை வணக்கத்தை வீட்லயே சொல்லிட்டு வாங்க.”

மரியாதை கொடுத்தது குற்றமா? ரத்தம் கொதிக்கிறது. துணி வெட்டுகிற மனிதர் என் மானத்தையும் வெட்டிவிட்டார்.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. கூடவே உன் கையெழுத்தில் எதையாவது எழுதி வை, மளிகைச் சீட்டானாலும் சரி.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. வந்தவர்கள் பதினோரு பேர், காவியம் நான்கு வரி. உன்மேல் எழுதினேன் என்பது மட்டும் நிஜம்.

உன் மாமா