பட்டை ரொட்டி மணம்

வெர்ன்,

வீடு பார்க்க அந்த பாஸ்டன் தம்பதி பத்து மணிக்கு வருகிறார்கள். நீ கேட்டபடி இலவங்கப்பட்டை போட்ட ரொட்டி ஓவனில் இருக்கிறது. நான் வேலைக்குக் கிளம்புகிறேன், ஒன்பதரைக்கு நீ எடு. வீடு முழுக்க மணக்கும், குழாயில் வரும் பெட்ரோல் வாடை அமுங்கிவிடும்.

"எதிர் பெட்ரோல் பங்க்ல டேங்க் ஒழுகி நம்ம கிணறு கெட்டதுக்கு நாமளா பொறுப்பு? வித்துட்டு ஓடிடலாம்டி!" என்று நேற்று கத்தினாயே, எனக்கும் ஓட ஆசைதான். மூன்று வருஷமாகக் கேன் தண்ணீர் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது.

ஆனால் இப்போது அந்தப் பெண் போன் செய்தாள். "கைக்குழந்தையோட வர்றோம். பால் பவுடர் கலக்கக் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்றாள். "அதுக்கென்னம்மா, தாராளமா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் நேராக ஃப்ரிட்ஜிடம் போனேன்.

நீ ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சொருகிய தண்ணீர் பரிசோதனைக் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். அவர்களிடம் நீயே கொடு. என்னைத் திட்டுவதைச் சாயங்காலம் திட்டு.

ஐரிஸ்

குழந்தைக்குக் கேன் தண்ணீரைக் கொதிக்க வை.

ரொட்டி மாவையும் கேன் தண்ணீரில்தான் பிசைந்தேன். அவர்கள் தொடாமல் போனால் எனக்குப் பாதி எடுத்து வை. நாம் எங்கே போய்விடப் போகிறோம்?