திரையில் பொடிசின் பெயர்

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்துக் கூடாரத்துக்காரர் எழுதுவது. உன் பொடிசு சுகமாக இருக்கிறாள். அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். மீதியை உட்கார்ந்து படி. வார்டில் நின்றுகொண்டு, நடுவில் யாராவது கூப்பிட ஓடிப்போய், திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடிப் படிக்கிற கடிதம் இல்லை இது.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று யோசிப்பாய். அதற்கும் வருகிறேன். இதை எழுதுகிறவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர், மனைவியோடு பாட்டுக் கேட்க வந்திருக்கிறார். நேற்று மதியத்திலிருந்துதான் பழக்கம். பொடிசு இப்போது அவர் மனைவியோடு குழாயடியில் பல் தேய்க்கிறாள். இங்கே உட்கார்ந்தால் குழாயடி தெரிகிறது. தெரிகிற மாதிரி பார்த்துத்தான் உட்கார்ந்தேன். இருந்தாலும் இதுவரைக்கும் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இவர் பேனாவை மூடி மூடித் திறக்கிறார்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அழுதால் நான் பேச்சை மாற்றிவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். கடிதத்தில் மாற்ற முடியாது. எழுதியது எழுதியதுதான் என்று இவரிடமும் சொல்லியிருக்கிறேன், நான் அடிக்கச் சொன்னாலும் அடிக்கக் கூடாது என்று.

ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை, ஊருக்கு வர முடியாது என்று நீ சொன்ன அன்று, இந்த இசை விழாவுக்கு நீயும் அவளும் போக எடுத்த டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாய். பொடிசு இரண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் கூட்டிப்போகிறேன் என்றேன். உங்களால முடியுமாப்பா, மூணு நாள் கூடாரத்துல படுக்கணும், அவ்வளவு கூட்டம் என்று நீ கேட்டாய். முப்பத்தெட்டு வருஷம் அந்தரத்தில் நின்று கட்டடங்களுக்குச் சாரம் கட்டினவன், தரையில் ஒரு துணி வீடு கட்ட முடியாதா என்று வீறாப்பாகச் சொன்னேன். நீயும் சிரித்துவிட்டு சரி என்றாய்.

துணி வீடு கட்டியதில் ஒரு குறையும் இல்லை. பைக்குள் எப்படிக் கட்டுவது என்று ஒரு தாள் இருந்தது, அதைப் பொடிசிடம் விசிறிக்கொள்ளக் கொடுத்துவிட்டேன். வளைகிற குச்சி இரண்டு, ஆணி எட்டு. எனக்கு எட்டு போதவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன கயிற்றில் சாரத்துக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டு, பின்னால் இருந்த மரத்தோடும் சேர்த்து இழுத்துக் கட்டினேன். பெரியவரே, இது கூடாரமா கோட்டையா, ராத்திரி புயல் ஏதும் வரச் சொல்லியிருக்கீங்களா என்று இவர்தான் கேட்டார். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. படுப்பதற்குத் தலையணை உறை மாதிரி ஒரு பை, அதற்குள் ஆளே நுழைந்து ஜிப்பை இழுத்துக்கொள்ள வேண்டுமாம். பொடிசு நுழைந்து கழுத்து வரைக்கும் மூடிக்கொண்டு, நான் புழு, என்னைத் தூக்குங்க என்று உருண்டாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை தவறியதற்குப் பிறகு இல்லை.

இதெல்லாம் சொல்லிக்கொண்டே போனால் மத்தியானம் ஆகிவிடும். இவர் என் முகத்தைப் பார்க்கிறார். சொல்கிறேன்.

நேற்று மதியம் மூன்று மணி இருக்கும், பெரிய மேடைக்குப் பக்கத்தில் அவளைத் தொலைத்துவிட்டேன்.

ஒன்றே கால் மணி நேரம். இப்போது குழாயடியில்தான் இருக்கிறாள், வாயெல்லாம் நுரை. மறுபடியும் எழுந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மேடையின் இரண்டு பக்கமும் இரும்புக் குழாயில் கோபுரம் எழுப்பி அதில் விளக்கும் ஒலிபெருக்கியும் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொழில் புத்தி. இடது பக்கக் கோபுரத்தில் எத்தனை தட்டு, மூலைக் குழாய்க்குக் குறுக்குக் கொடுத்திருக்கிறானா, குழாயை இறுக்குகிற கவ்வி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது தட்டில் ஒரு கவ்வி திரும்பி இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தால் கையில் அவள் கை இல்லை. எப்போது நழுவியது என்றே தெரியாது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்பாயே, இது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

வாசலில் ஒவ்வொரு குழந்தைக்கும் கையில் ஒரு காகிதப் பட்டை கட்டினார்கள். அதில் பெரியவர் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டால், குழந்தை எங்கே போனாலும் கூப்பிட்டுச் சொல்வார்களாம். தாத்தா, எழுதுங்க என்று ஒரு பெண் பேனாவைக் கொடுத்தாள். பின்னால் பதினொரு பேர் நின்றார்கள். பொடிசு முன்னால் ஓடிப்போய் மத்தளம் மாதிரி ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பேனாவை வாங்கி, பட்டையில் மூன்று கோடு போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் என் கழிகள் அடுத்தவன் கழிகளோடு கலந்துவிடாமல் இருக்க நான் வெட்டுகிற குறி அது. கையெழுத்தை மெதுவாக வரைந்து முடிக்க நேரமாகும், அது போக எனக்கு எழுதத் தெரிந்தது இந்தக் குறி ஒன்றுதான்.

ஆமாம் கண்ணு. உன் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இப்போது இல்லை, எப்போதுமே.

போன் நம்பர் எனக்கு மனப்பாடம். உன் நம்பர், பள்ளிக்கூடத்து நம்பர், இருபது வருஷத்துக்கு முன்னால் வேலை கொடுத்த மேஸ்திரி வீட்டு நம்பர் வரைக்கும் தலைகீழாகச் சொல்வேன். வாயால் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணே எழுதியிருப்பாள். எனக்கு எழுத வராதும்மா என்று மூன்று வார்த்தை. வாய் வரவில்லை.

தேடும்போதும் அதே கதைதான். மஞ்சள் பனியன் போட்ட ஒருவன், குழந்தை காணாமப் போனா இங்க வாங்க என்று மைதானத்தின் படம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து விரலால் தொட்டுக் காட்டிவிட்டு ஓடிவிட்டான். அவன் தொட்ட இடம் எனக்கு ஞாபகம் இருந்தது, தாளில் மேல் எது கீழ் எது என்பதுதான் தெரியவில்லை. நடந்து போய் நின்றால் கழிப்பறை வரிசை. திரும்பி ஓடிவந்து இன்னொருத்தியைப் பிடித்தேன். கச்சேரி நடக்கும்போது மைக்கில் சொல்ல மாட்டார்களாம். ஸ்க்ரீன்ல போட்டிருப்பாங்க தாத்தா, பார்த்தீங்களா என்றாள்.

பார்த்துட்டேம்மா என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. அறுபது வருஷமாக யார் எதை நீட்டினாலும் என் வாயில் வருவது அதுதான். நோட்டீஸ், பஸ் பலகை, பேங்க் தாள், எது வந்தாலும் பார்த்துட்டேன். அவளும் சரி என்று போய்விட்டாள். எவ்வளவு பெரிய திரை தெரியுமா, நாலு மாடி உயரம். அதற்குக் கீழேயே நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம், சிவப்புச் சட்டை, இவ்வளவு உயரம், முன்பல் ஒன்று இல்லை என்று கையைக் காட்டிக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். முரசு அடிக்கிற அடியில் பாதிப் பேருக்கு நான் சொன்னது கேட்கவில்லை. ஒருவன், தாத்தா செம மூடுல இருக்கார் என்று என்னோடு சேர்ந்து கையை ஆட்டினான்.

கடைசியில் இவர்தான் கூட்டத்தில் என்னைப் பார்த்து வந்தார். இங்க என்ன பண்றீங்க, பாப்பா பேரு ஒரு மணி நேரமா மேல ஓடுதே, மருத்துவ முகாமுக்குப் பக்கத்துல பச்சைக் கூடாரத்துல இருக்காளாமே என்றார். நான் அப்போதும் பார்த்துட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

பச்சைக் கூடாரத்தில் அவள் அழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். தாத்தா பேர் என்ன என்று கேட்டால் தாத்தா என்றிருக்கிறாள். பட்டையில எந்த மொழியில எழுதியிருக்கீங்க ஐயா, நாலு பாஷை தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டினோம் என்று அங்கிருந்த அம்மா கேட்டார்கள். பொடிசு என்னைப் பார்த்து முறைத்தாள். எங்க தாத்தா படிச்ச உடனே வந்துடுவாங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன், நீங்க ஏன் படிக்கல என்றாள்.

அங்கேயே, அத்தனை பேர் முன்னால் சொன்னேன். தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள், அப்போ முயல் புத்தகம் என்றாள். ராத்திரி தூங்கப்போகும்போது நான் படித்துக் காட்டுகிற புத்தகம். அதுவும் நானாகச் சொன்னதுதான் என்றேன். அதான் முயல் ஒருநாள் கிணத்துல விழுது, ஒருநாள் ரயில்ல போகுதா என்றாள். அந்த அம்மா சிரித்துவிட்டார்கள். இவள் சிரிக்கவில்லை. கூடாரத்துக்கு வந்து சேரும் வரைக்கும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

திரையில் ஓடிய அந்த வரி என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. இன்று விடிந்ததும் ஒரு குச்சியால் மண்ணில் அதை முழுக்க வரைந்து, இது என்ன என்று இவரைக் கேட்டேன். இவர் எழுத்துக்கூட்டி, ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை என்றார். அவள் பெயர், வயது, சிவப்புச் சட்டை, தாத்தாவுக்காகக் காத்திருக்கிறாள். அவ்வளவையும் நேற்று நான் பார்த்திருக்கிறேன். பார்க்கவில்லை என்று சொல்லக்கூட எனக்கு வழி இல்லை.

உனக்குத் தெரியாமல் எப்படிப் போயிற்று என்று கேட்பாய். எல்லாம் உன் அம்மாவின் சாமர்த்தியம். உன் கடிதங்களைப் படித்துச் சொன்னதும் அவள், என் பெயரில் பதில் எழுதியதும் அவள். என் பெயரை மட்டும் கோடு கோடாக வரையப் பழக்கிவிட்டாள், கையெழுத்துப் போட. அவள் போன பிறகு வந்த கடிதங்களில் அப்பா கை நடுங்குகிறது போல, எழுத்து மாறியிருக்கிறது என்று கேட்டிருந்தாயே, அது மருந்துக்கடைக்காரர் எழுத்து. மாப்பிள்ளை போன பிறகு, அப்பாவிடம் மட்டும் என்று நீ எழுதியதெல்லாம் அவர் வாயால்தான் கேட்டேன். நல்ல மனுஷன். உன் கடிதம் என்றால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் பிரிப்பார். ஆனாலும் அது தப்பு. நீ என்னை மன்னிக்க வேண்டியதில் அதுவும் ஒன்று.

இன்னொன்று இருக்கிறது. இதை இவருக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் மழை நாளில், மார்க் அட்டையைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்து நீட்டினாய். அம்மா வீட்டில் இல்லை. எப்போதும் போல முகத்தை இறுக்கிக்கொண்டு பார்த்தேன். கணக்கில் இன்னும் கொஞ்சம் கவனம் வேணும் என்றேன், எல்லா அட்டைக்கும் சொல்வது அதுதான். நீ உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். அம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், கணக்கில் நூற்றுக்கு நூறு. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. அப்பாவுக்கு எதுவுமே போதாது என்று நீ ஒருமுறை சொன்னாய். அப்படி இல்லை கண்ணு.

நீ போன மாதம் அனுப்பிய தாள் வீட்டில் அலமாரியில் இருக்கிறது. வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கப் போகிறாய், அதுவரைக்கும் பொடிசை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அவளை நீ வேலை செய்கிற ஊரிலேயே விடுதியில் சேர்த்துவிடுவாய். அப்பாவால முடியும்னா மட்டும் என்று எழுதியிருந்தாய். விழா முடிந்து வந்து போட்டு அனுப்புவதாக இருந்தேன். போன வாரமே போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. சரி, சம்மதம் என்று எழுதிடட்டுமா என்று இப்போதுதான் இவர் கேட்டார். வேண்டாம் என்றேன். என் ஆசையைக் கேட்டால் இரண்டு வருஷம் என்ன, என் மூச்சு இருக்கிறவரைக்கும் பார்த்துக்கொள்வேன். என் ஆசையைக் கேட்காதே. நீ நம்பிக்கொண்டிருந்த அப்பா வேறு ஆள். இப்போது இருக்கிற ஆள் யார் என்று சொல்லிவிட்டேன், அவனிடம் உன் பிள்ளையை விடலாமா என்று பார். அப்பாவாயிற்றே என்று விட்டுக்கொடுக்காதே.

அவள் பல் தேய்த்துவிட்டு வருகிறாள், சட்டையெல்லாம் ஈரம். இன்று குழந்தைகளுக்கு என்று தனியாகக் கச்சேரியாம், போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் போன் நம்பரைப் புதிய பட்டையில் எழுத இவரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படியும் போகத்தான் வேண்டுமா என்று இருக்கிறது. கூடாரத்துக்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்துவிடலாம் போல இருக்கிறது.

பதிலை எழுதி அனுப்பாதே, மகளே. போன் பண்ணு. எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பதாக இருந்தாலும் அதை நீயே, உன் குரலில் சொல்லு. திட்டுவதாக இருந்தாலும் அப்படியே. உன் விஷயத்தை இனிமேல் இன்னொருவர் வாயால் கேட்க என்னால் முடியாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே வேலை செய்கிற உடம்பு, காலை உயர்த்தி வைத்துத் தூங்கு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லா இருக்கணும்.

உன் அப்பா