கொய்யாவுக்கு எல்லோரும் பதியம் போட்டோம்

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் ரெண்டு வருஷம் ஆகிறது. நல்ல சேதி எதுவும் என்னிடம் இல்லை. இருந்தாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மந்தைவெளியில் கால்வாய் ஓரம் நம் குடிசை இருந்த இடத்தில் பறக்கும் ரயிலுக்குத் தூண் எழும்புகிறது. எங்களையெல்லாம் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வீட்டைப் பற்றி இல்லை, உன் கொய்யாவைப் பற்றி.

கோபாலபுரத்துப் பங்களாவில் அந்த வீட்டுப் பிள்ளைகளை உன் ரிக்‌ஷாவில் இறக்கிவிட்டு, தோட்டக்காரரிடம் கேட்டு நீ வாங்கி வந்த கன்று. மீன் கழுவிய தண்ணீரை அதற்குத்தான் ஊற்ற வேண்டும் என்று எங்களை விரட்டுவாய். அணில் கடிக்காமல் காய்க்குக் காய் பழைய லுங்கியைக் கிழித்துக் கட்டுவாய். எங்களுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நீ இத்தனை பாடுபட்டதில்லை, போ.

இடத்தைக் காலி பண்ணச் சொன்னதும் அம்மா பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். "மரம் வராம நான் வரமாட்டேன். அந்தாளு வெச்ச மரம் அது."

மரத்தை எப்படிப் பெயர்ப்பது? நீ செய்ததைப் பார்த்திருக்கிறேனே. ஒரு கிளையில் பட்டையை வளையமாகச் சீவி, ஈரமண்ணை அப்பி, சாக்குத் துணியால் கட்டிப் பதியம் போட்டேன். வேர் விட்டதும் அந்தக் கிளையை வெட்டி எடுத்துப் போகலாம் என்று நினைத்தேன்.

அதைப் பார்த்து எதிர்வீட்டுப் பத்மா அக்கா வந்தாள். "உங்க நைனா குடுத்து துன்ன பழம். எனக்கும் ஒரு கிளை குடு கஸ்தூரி." எப்படி மறுப்பேன்? நீ யாருக்காவது இல்லை என்று சொன்னதுண்டா? அப்புறம் தெருவே வந்தது. பட்டை சீவாத கிளை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கொஞ்ச நாளில் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. எல்லாக் கிளையிலும் பட்டையை அறுத்துவிட்டால் இலை சமைக்கிற சத்து வேருக்கு எப்படி இறங்கும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆசைப்பட்டுத்தான் கட்டினார்கள், தெரியும். ஆனாலும் எல்லோர் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. லாரியும் சொன்ன நாளுக்கு முன்பே வந்து நின்றது. வேர் விடாத குச்சிகளை வெட்டி மடியில் வைத்துக்கொண்டு ஏறினோம்.

இங்கே வாசலுக்கு வாசல் நட்டுப் பார்த்தோம். ஒன்றும் துளிர்க்கவில்லை. மற்றவர்கள் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார்கள். அம்மா மட்டும் தண்ணி லாரியில் சண்டை போட்டுப் பிடிக்கிற குடத்திலிருந்து தினமும் எங்கள் வாசல் குச்சிக்கு ஒரு சொம்பு ஊற்றுகிறாள்.

நேற்று பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "யம்மா, அது செத்துப்போச்சு. குடிக்கவே தண்ணி இல்ல, இன்னாத்துக்கு ஊத்திக்கினு கீற?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்டி. உங்க நைனாகூடத்தான் செத்துட்டாரு. அமாவாசைக்கு அமாவாசை சோறு வெக்காமலா கீறேன்?"

அவள் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டேன் நைனா. அவளுக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, குடம் தூக்கினால் நொண்டுகிறாள். இனி அந்த ஒரு சொம்பை நானே ஊற்றுகிறேன். அவள் இருக்கிறவரை அந்தக் குச்சியை யாரையும் பிடுங்க விடமாட்டேன்.

உன் மூத்த பொண்ணு,
கஸ்தூரி