பெட்டிக்குள் ஒரு சிட்டிகை உப்பு

நாள் 611, காலை 7.10

செவ்வாய்க் கிரகம், வடமுனை நிலையம். பதிவு செய்பவர்: மங்கையர்க்கரசி, கால்நடை மருத்துவர், நுண்ணுயிர் ஆய்வாளர். நிலையத்தில் ஆட்கள்: ஒன்று. பாம்பு: ஒன்று.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. மணியக்காரரின் வயிற்றில் மூன்று செதில்கள் பழுப்பாகியிருக்கின்றன. மணியக்காரர் என் மண்ணுளிப் பாம்பு. பூனை கேட்டேன், மறுத்தார்கள். பதினைந்து நாளுக்கு ஓர் உறைந்த எலி போதும் என்பதால் இவருக்கு அனுமதி கிடைத்தது. கூப்பிட்டால் திரும்பமாட்டார், சாப்பாட்டுக்கு மட்டும் தலை நீட்டுவார். அதனால்தான் அந்தப் பெயர்.

செதில் அழுகலின் தொடக்கம். பெட்டியில் ஈரம் மிஞ்சினால் வருவது. ஆனால் திரையில் ஈரப்பதம் 45, அது சரியான அளவு. பெட்டியில் பரப்பியிருந்த நார்த்தூளை அள்ளிவிட்டு டிஷ்யூ விரித்தேன். அயோடின் மருந்தை டீ நிறத்துக்குக் கலக்கி, அதில் அவரைக் கால் மணி நேரம் ஊறவைத்தேன். ஒரு வாரத்தில் தேறிவிடுவார்.

நாள் 616, மாலை 4.30

தேறவில்லை. பதினொரு செதில்கள். ஈரப்பதம் 45.

எனக்கும் உடம்பெல்லாம் கசகசப்பு. துவைத்த துணி காயவே மாட்டேனென்கிறது. பூமியிலிருந்து செல்லத்துரையின் செய்தி வந்தது. தினமும் என் பதிவைப் படித்துப் பதில் அனுப்புவது அவன் வேலை.

"அக்கா, டிஷ்யூவ ரெண்டு வேளையும் மாத்துங்க. மணியக்காரருக்கு ஒண்ணும் ஆகாது. கசகசன்னு இருக்குன்னு எழுதியிருந்தீங்களே, அத டாக்டரம்மாவுக்கு நான் சொல்லணுமாக்கும்? வயசு நாப்பத்தொம்பது ஆச்சுல்ல!"

சிரித்துவிட்டேன். இத்தனை கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு என்னைச் சிரிக்க வைக்க அவனால்தான் முடியும்.

நாள் 621, காலை 8.00

கொப்புளங்கள். இரண்டில் சீழ். களிம்பு ஒரே ஒரு குழாய், அதில் பாதிதான் மிச்சம். எலியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டிஷ்யூவைத் தொட்டபோது நமுத்த அப்பளம் மாதிரி இருந்தது. திரை 45 என்றது. என் கை வேர்வை என்று விட்டுவிட்டேன். நிலையக் கையேட்டில் விதி இருக்கிறது: தொட்டுப் பார்த்து அளவு எழுதக் கூடாது, திரை காட்டுவதை மட்டுமே எழுத வேண்டும். அதை எழுதியவளே நான்தான்.

நாள் 623, பகல் 1.15 (தாளில்)

இனி எழுதுவது பேனாவால். கணினிப் பதிவைப் பூமியில் படிப்பார்கள்.

நேற்றுப் பெட்டியருகே உட்கார்ந்து சாப்பிட்டபோது உப்பு சிந்தியது. வலை வழியாக உள்ளேயும் கொஞ்சம் விழுந்தது. இன்று பார்த்தால் அங்கே உப்பு இல்லை, தண்ணீர்ச் சொட்டுகள் இருக்கின்றன. வெளியே மேசையில் விழுந்தது பொலபொலவென்று அப்படியே கிடக்கிறது. ஐப்பசி மழையில் அடுக்களை உப்பு ஜாடி எப்படிக் கசியும் என்று தெரிந்த எவளும் இதைப் பார்த்துவிட்டு 45 என்று எழுதமாட்டாள்.

திரை பொய் சொல்கிறது. பன்னிரண்டு நாளாக நானும் அந்தப் பொய்யைக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன்.

நாள் 624, காலை 9.40 (தாளில்)

பெட்டியின் கட்டளைப் பதிவைத் தோண்டி எடுத்தேன். நான் "உலர்த்தினேன்" என்று எழுதிய ஒவ்வொரு நாளும், ஒரு மணி நேரத்துக்குள் தெளிப்பான் திறந்திருக்கிறது. தெளித்தது பனிப்பாறையை உருக்கிய தண்ணீர், வடிகட்டாதது. கட்டளை இட்ட பெயர்: செல்லத்துரை. திரையை 45-இல் நிறுத்திவைத்த கட்டளையும் அதே பெயரில்.

நான் துளையிடும் வேலைக்காக ஒன்பது நாள் வெளியே போனபோது, மணியக்காரருக்குக் குளிராமல் பார்த்துக்கொள் என்று பெட்டியின் கடவுச்சொல்லை என் வாயாலேயே அவனுக்குச் சொன்னேன். கேட்டேன், ஏன் என்று. இருபத்தெட்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

"அக்கா, மன்னிச்சிருங்க. அடுத்த கப்பல்ல நாப்பது பேர் வர்றாங்க. அந்தப் பனித் தண்ணில இருக்கற கிருமி தோல்ல பிடிக்குமான்னு தெரிஞ்சாகணும்னு மேலிடத்துல சொன்னாங்க. பாம்புக்கு மட்டுந்தான்க்கா. எங்கம்மா மேல சத்தியமா, பாம்புக்கு மட்டுந்தான்."

என்னிடம் கேட்டிருக்கலாமே, பாவி. சோதனைக் குழாயில் செய்திருப்பேன். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என் மருந்தைப் படித்துப் படித்து அதை முறித்திருக்கிறான்.

நாள் 625, காலை 6.20 (தாளில்)

மணியக்காரரைக் காலிச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து, கணினியோடு இணைப்பில்லாத வெந்நீர்ப் பையோடு ஆய்வகத்துக்கு மாற்றினேன். அங்கே வைத்த உப்பு உலர்ந்தே இருக்கிறது. புதுக் கொப்புளம் இல்லை.

நேற்று ஏதோ தோன்றி, என் படுக்கை ஓரத்திலும் ஒரு தட்டில் சிட்டிகை உப்பு வைத்தேன். திரையில் என் அறை 45.

விடிந்து பார்த்தால் தட்டில் தண்ணீர்.

வயசு இல்லை. கசகசப்பு வயசால் வந்ததே இல்லை. வலது மணிக்கட்டில், கடிகாரப் பட்டைக்கு அடியில், நாலு நாளாக ஒரு கொப்புளம். கையுறை உராய்வு என்று நினைத்து எதிலும் எழுதவில்லை. இன்று மூன்று.

காலை 11.05

கடைசிக் களிம்பை இரண்டாகப் பிரித்தேன். அவர் பங்கை முதலில் தடவினேன். இந்த நிலையத்தில் எனக்குத் துரோகம் செய்யாதவர் அவர் ஒருவர்தான்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: கப்பலில் வந்தவர்களில் ஒருவராக இருப்பீர்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் தொடாதீர்கள். திரையைப் பார்ப்பதற்கு முன்னால் உப்பைப் பாருங்கள். டப்பாவில் மணியக்காரர் இருந்தால்

பகல் 12.30

நடுவில் செய்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, கோவத்துல பேசாம இருக்கீங்க, புரியுது. பதிவு மட்டும் விடாம போடுங்க. வலது மணிக்கட்டு இன்னிக்கு எப்படி இருக்கு?"

மணிக்கட்டைப் பற்றி அவனிடம் நான் சொல்லவே இல்லை. தூங்கும் அறையில் கேமரா கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டியவன் செல்லத்துரை.