சம்மனசுக்குத் துணை

3 ஜூன், செவ்வாய்

கடல்மீன் தொட்டியில் நீர் ஒரு விரல் இறங்கியிருந்தது. நல்ல தண்ணீர்தான் ஊற்றினேன், உப்புத் தண்ணீர் அல்ல. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும் என்று மகன் சைமன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

எனக்கு எழுதப் படிக்க வராது. பேசினால் இந்தப் போனே எழுதிக்கொள்ளும், தேதியும் அதுவே போடும் என்று அவன்தான் பழக்கிவிட்டான். கொச்சையாகப் பேசினால் தாறுமாறாக எழுதுமாம். அதனால் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்திச் சொல்கிறேன். இதனிடம்தான் இப்படி. மற்றவர்களிடம் — மற்றவர்கள் யார்?

சைமனும் மருமகள் டெய்சியும் ராஜஸ்தான் போய் ஒரு மாதம் ஆகிறது. டிரான்ஸ்பர். என்னையும் கூப்பிட்டான். அங்கே போய் நான் எந்தப் பாஷையில் பேசுவேன்? தொட்டியை யார் பார்ப்பது என்று கேட்டேன். பவளம் ஒவ்வொன்றாக வாங்கி, பாறையில் ஒட்டி, அவன் ஆசையாகக் கட்டிய தொட்டி. யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஏஞ்சல் நல்லா இருக்கிற வரைக்கும் இருங்கப்பா. அதுக்கு ஒண்ணுன்னா தொட்டிய வித்துட்டு உங்கள அழைச்சிகினு போயிடுவேன். ஒரு மீனையே பாத்துக்க முடியலன்னா உங்கள எப்படித் தனியா விடறது?"

ஏஞ்சல் என்றால் சம்மனசு. நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். உள்ளங்கையில் அடங்கும். கருநீல உடம்பு, விலாவில் மட்டும் தணல் நிறம்.

8 ஜூன், ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தேன். வீட்டுக்கு வந்தால் சம்மனசு பச்சைப் பவளத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் தட்டினேன். பவளம் சுருங்கிக்கொண்டது. மீன் கிட்டே வந்து என்னைப் பார்த்தது. இன்று என்னை நின்று பார்த்தது அது ஒன்றுதான்.

12 ஜூன், வியாழன்

மழை. சொல்ல ஒன்றும் இல்லை.

15 ஜூன், ஞாயிறு

சாயங்காலம் நீல விளக்கு போட்டதும் சம்மனசு பக்கக் கண்ணாடிக்குப் போய்விடுகிறது. அங்கே அதன் உருவமே தெரியும். அதனோடு சேர்ந்து மேலும் கீழும் நீந்துகிறது. தன் நிழலையே துணையாக்கிக்கொண்டது.

எனக்கு ஒரு பயமும் உண்டு. நான் நிலக்கரி மைன்ஸ் பம்பு ஹவுஸில் வேலை பார்த்தவன். கீழே ஊற்று முட்டிக்கொண்டே இருக்கும். இறைப்பு நின்றால் மைன்ஸ் முழுகிவிடும். ஒற்றைப் பம்பை நம்பி நாங்கள் டீ குடிக்கக்கூடப் போனதில்லை. பக்கத்திலேயே ஸ்டாண்ட்பை ஒன்று தயாராக நிற்கும். இங்கே ஒரே ஒரு மீனை நம்பி நான் இந்த வீட்டில் இருக்கிறேன். இன்னொன்று இருந்தால் அதற்கும் துணை, எனக்கும் தைரியம்.

19 ஜூன், வியாழன்

மந்தாரக்குப்பம் போனேன். வேணு கடையில்தான் சைமன் மீன் வாங்குவது.

"இன்னொன்னா? ஒரே மாதிரி ரெண்ட வுட்டா அடிச்சிக்கும்ங்க."

"ஒரே கடல்ல கெடந்ததுங்கதானே?"

"கடல் பெருசுங்க, பெரியவரே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மெட்ராஸிலிருந்து வரவழைக்கிறேன் என்றான். சைமனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

24 ஜூன், செவ்வாய்

தெர்மாகோல் பெட்டியில் வந்தது. நம்முடையதைவிடப் பெரிது. ஓட்டை போட்ட டப்பாவில் நாலு நாள் தொட்டிக்குள்ளேயே தனியாக வையுங்கள், ஒன்றை ஒன்று பார்த்துப் பழகட்டும் என்றான் வேணு. டப்பாவும் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததை எதற்குச் சிறை வைப்பது? அப்படியே விட்டேன். சம்மனசு ஓடி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தது. எத்தனை ஆசை அதற்கு.

25 ஜூன், புதன்

என்னா காரியம் பண்ணிட்டன். சம்மனசு வால் கிழிஞ்சி தொங்குது. பாறை சந்துல பூந்துகினு வெளிய வரமாட்டேங்குது. பெருசு சந்து வாயிலயே நிக்குது. வலையப் போட்டா அதுவும் பாறைக்குள்ள ஓடிடுது. வேணு போன எடுக்கல. சைமனுக்குத் தெரிஞ்சா — மாதாவே.

26 ஜூன், வியாழன்

பாறையை எல்லாம் வெளியே எடுக்காமல் பெரிய மீனைப் பிடிக்க முடியாது. ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராஜாங்கத்தைக் கூப்பிட்டேன். ஒரே பம்பு ஹவுஸில் இருந்தவர்கள்தான். ரிட்டையர் ஆனபின் சுவருக்கு மேல் தலையாட்டுவதோடு சரி.

"என்னா தாசு, வழி தப்பி வந்துட்டியா?"

விவரம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உனுக்குப் பொழுது போவலன்னா மீனுக்கும் போவாதா? செவனேன்னு இருந்ததுக்குச் சக்களத்தி கொண்டாந்து வுட்டிருக்கிற."

பவளத்தோடு பாறைகளை ஒவ்வொன்றாக டப்பில் இறக்கினோம். கையெல்லாம் கோழை. பெரிது சிக்கியது, பக்கெட்டில் போட்டுக் காற்றுக் குழாயை விட்டேன். பாறைகளைத் திரும்பத் தொட்டியில் அடுக்கினோம். டீ போடுகிறேன், இருங்கள் என்றேன். "சீரியல் போயிடும்ப்பா" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

28 ஜூன், சனி

சம்மனசு போய்விட்டது. காலையில் தொட்டிப் பம்பின் வாயில் ஒட்டிக்கிடந்தது. முருங்கை மரத்தடியில் புதைத்தேன். என் மனைவி மரியபுஷ்பம் போனபோது தெருவே வந்து நின்றது. மீனுக்காக யாரைப் போய்க் கூப்பிடுவது.

சைமன் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

29 ஜூன், ஞாயிறு

வேணு பேசினான். கண்ணாடியில் விளையாடியதைச் சொன்னேன். "அது வெளையாட்டு இல்லிங்க. தன் உருவத்த வேற மீனுன்னு நெனச்சி வெரட்டிகினு இருந்திருக்கும்" என்றான்.

பக்கெட்டில் இருந்ததைத் தொட்டியில் விட்டேன். வேறு என்ன செய்வது.

6 ஜூலை, ஞாயிறு

சைமன் வீடியோவில் வந்தான். ஏஞ்சலைக் காட்டச் சொன்னான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த மீன் முன்னால் வந்து நின்றது.

"நல்லா கொழுகொழுன்னு ஆயிடுச்சேப்பா! டெய்சி, வந்து பாரேன்."

"கலர்கூட ஏறியிருக்கு. மாமா நம்மளவிட நல்லா வளக்கறாங்க."

நாலு வருஷம் கையில் இரை கொடுத்து வளர்த்தவன். இதற்கு விலாத் தணல் பாதி உடம்புவரை பரவிக்கிடக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. நான் "ம்" என்றேன்.

"இனிமே உங்களப் பத்திக் கவலையே இல்லப்பா. சும்மா சும்மா கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

13 ஜூலை, ஞாயிறு

இந்த வாரம் அவன் கூப்பிடவில்லை. சொன்ன சொல் காப்பாற்றுகிறவன். மீன் நன்றாகத் தின்கிறது. பவளமும் விரிந்திருக்கிறது. ஒரு குறையும் இல்லை. நான் இங்கேயே இருக்கலாம்.

போனில் அவன் படத்தின் மேல் விரலை வைத்தேன், எடுத்தேன். பேச்சு தடுமாறக் கூடாது. முதலில் இதனிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன்.

சைமா, நீ பாத்தது நம்ம மீன் இல்லடா.